மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பிசியோதெரபி: எதற்கு, எப்படி, எதுவரை?

மூளை முடக்குவாதம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பிசியோதெரபி அறைக்குள் வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "எத்தனை மாதம் செய்தால் பிள்ளை நடக்கும்?" நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால், பிள்ளையின் உடலில் என்ன நடந்திருக்கிறது, அதில் தெரபியால் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாததால் சிலர் ஆறு மாதம் பார்த்துவிட்டு, நடக்கவில்லையே என்று மனம் விட்டு நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர், குழந்தை கதறக் கதறக் காலை இழுத்து நீட்டுவதுதான் சிகிச்சை என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். இரண்டிலும் இழப்பு குழந்தைக்குத்தான்.

மூளையில் ஏற்பட்ட காயம்

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், அதாவது கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் இரண்டொரு ஆண்டுகளிலோ ஒரு காயம் ஏற்பட்டு, அதனால் உடலின் அசைவும் நிமிர்ந்து நிலைக்கும் திறனும் பாதிக்கப்படுவதே மூளை முடக்குவாதம். டாக்டர்கள் சுருக்கமாக 'சி.பி.' என்பார்கள். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. தொற்றக்கூடியது அல்ல. மூளையில் உள்ள காயம் நாளாக நாளாகப் பெரிதாவதும் இல்லை.

காரணங்கள் பல. மாதம் முடியும் முன்பே பிறந்து, பல வாரங்கள் 'பெட்டியில் வைத்திருந்த' குழந்தைகளுக்கு, மூளையின் நடுவில் திரவம் நிறைந்த அறைகளை ஒட்டியுள்ள வெண்பகுதி பாதிக்கப்படலாம். கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகிலேயே செல்கின்றன. கைகளுக்கான இழைகள் சற்றுத் தள்ளிச் செல்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கைகள் ஓரளவு நன்றாக இருக்க, கால்கள் மட்டும் விறைத்துப் பின்னிக்கொள்வது இதனால்தான். நிறைமாதத்தில் பிறந்தும் பிறந்தவுடன் அழாமல், மூச்சுத்திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகளில் சிலருக்குப் பாதிப்பு பரவலாக இருக்கும். கை, கால், கழுத்து, வாய் எல்லாமே சிரமப்படும். பிறந்த சில நாட்களில் வரும் மஞ்சள் காமாலை கவனிக்கப்படாமல் மிக அதிகமானால், மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியைத் தாக்கிவிடும். அதனால் கைகால்கள் குழந்தையின் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் நெளியும், முறுக்கும். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வருவதும் உண்டு. கருவிலேயே மூளையின் ஒரு பக்க இரத்தக்குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டுப் பிறப்பதும் உண்டு.

தாய்மார்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கிரகணத்தின்போது வெளியே வந்ததாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, மாடிப்படி ஏறியதாலோ இது வரவில்லை. 1861இல் லண்டனைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், இந்தக் குறைபாட்டைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்திப் பேசினார். அன்றைக்கு நரம்பு மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1897இல் அதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்: கருவிலேயே தொடங்கிவிட்ட ஏதோ ஒரு கோளாறுதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கக் கூடும் என்றார். பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் காரணங்களில் ஒன்று மட்டுமே என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. மாமியார் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சுக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

மூளை முடக்குவாதத்தில் பெரும்பான்மை இறுக்க வகை. தசைகள் விறைத்திருக்கும், வேகமாக மடக்கினால் இன்னும் முரண்டும். இரண்டு கால்களும் அதிகம் பாதிக்கப்படலாம், ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படலாம், நான்கு கைகால்களும் பாதிக்கப்படலாம். நெளிந்து முறுக்கும் வகை அடுத்தது. தள்ளாட்டம் முதன்மையாக இருக்கும் வகை அரிது. வலிப்பு, பார்வைக் குறைபாடு, காது கேளாமை, விழுங்குவதில் சிரமம் ஆகியவை கூட வரலாம், வராமலும் போகலாம். பேச்சு வராத குழந்தைக்கு அறிவும் இருக்காது என்று முடிவுகட்டுவது மிகப் பெரிய அநியாயம். எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, வாய் ஒத்துழைக்காததால் மட்டும் அமைதியாக இருக்கும் பிள்ளைகள் ஏராளம்.

காயம் அப்படியே இருக்கும், உடல் மாறிக்கொண்டே போகும்

பிசியோதெரபி எதற்கு என்று புரிந்துகொள்வதற்கு இந்த ஒரு விஷயம் முக்கியம். மூளைக்காயம் வளர்வதில்லை, குழந்தை வளர்கிறது. ஓடியாடும் குழந்தையின் தசைகள் ஓட்டத்திலும் குதியிலும் நாள் முழுவதும் நீண்டு நீண்டு, எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கின்றன. இறுகிய கெண்டைக்கால் தசைக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. எலும்பு நீள்கிறது, தசை பின்தங்குகிறது. இரண்டு வயதில் கையால் மெதுவாக அழுத்தினால் தரையில் பதிந்த குதிகால், ஏழு வயதில் எவ்வளவு அழுத்தினாலும் பதிவதில்லை. முதலில் இருந்தது நரம்பின் கட்டளையால் வந்த இறுக்கம். பிறகு சேர்ந்தது தசையே குட்டையாகிப்போன நிலை. ஒரே ஆண்டில் கிடுகிடுவென்று உயரம் கூடும் வளர் பருவத்தில், நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளையும் திடீரென்று முழங்கால் மடங்கி, குனிந்து நடக்கத் தொடங்குவது இதனால்தான். நோய் முற்றிவிட்டது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். மூளையில் எதுவும் முற்றவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இறுகிய தசை வலுவான தசை அல்ல. விறைப்பாக இருப்பதால் பலம் அதிகம் என்று தோன்றும். ஆனால் அதே தசையை வைத்துக் குழந்தை ஒரு படி ஏற முடியாது. பயிற்சி கொடுத்துப் பலப்படுத்தினால் இறுக்கம் கூடிவிடும் என்று முன்பு தெரபிஸ்டுகளே பயந்து, பலப்படுத்தும் பயிற்சிகளைத் தவிர்த்தார்கள். அந்தப் பயம் தவறு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. இன்று பலப்படுத்துவது சிகிச்சையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது.

ஆக, பிசியோதெரபி மூளைக்காயத்தை ஆற்றுவதில்லை. இருக்கும் மூளையையும் உடலையும் கொண்டு குழந்தை புதிய அசைவுகளைக் கற்றுக்கொள்ள உதவுகிறது. தசையும் மூட்டும் எலும்பும் கெட்டுப்போகாமல் காக்கிறது. குழந்தை தன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாழ வழி தேடுகிறது. இவற்றில் முதலாவதுதான் கடினமானது, முதலாவதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும்.

கற்றுக்கொள்வது குழந்தை

1940களில் லண்டனில் பெர்தா போபாத்தும் அவருடைய கணவர் கார்ல் போபாத்தும் உருவாக்கிய முறை உலகம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டிலும் பல தலைமுறைத் தெரபிஸ்டுகள் அதைக் கற்றார்கள். தெரபிஸ்ட் தன் கைகளால் குழந்தையின் உடலைச் சரியான நிலையில் பிடித்து, இயல்பான அசைவின் உணர்வை உடலுக்குக் கொடுத்தால், இறுக்கம் தளர்ந்து இயல்பான அசைவு வரும் என்பது அதன் ஆதி எண்ணம். இந்தக் குழந்தைகளால் எதுவும் ஆகாது என்று மூலையில் போட்டிருந்த காலத்தில் அவர்களைத் தொட்டுத் தூக்கிக் கவனித்த பெருமை அவர்களுக்கு உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தெரபிஸ்டின் கைகள் செய்த அசைவு, குழந்தை வீட்டுக்குப் போனதும் தொடரவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் 2013இலும் மீண்டும் 2020இலும், இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, எந்தச் சிகிச்சை பலன் தருகிறது, எது தரவில்லை என்று போக்குவரத்து விளக்கைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் பிரித்தார்கள். தெரபிஸ்ட் அசைக்க, குழந்தை அசைக்கப்படும் பழைய முறைகள் சிவப்புப் பக்கம் போயின. குழந்தைக்கு ஓர் இலக்கைக் கொடுத்து, அதைக் குழந்தையே முயன்று, தவறி, மறுபடி முயன்று பழகும் முறைகள் பச்சையில் நின்றன.

இது எப்படி இருக்கும் என்று ஒரு பயிற்சியை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டு கால்களும் இறுகிய நான்கு வயதுக் குழந்தை. அவளுக்குத் தானே எழுந்து நின்று, சன்னலோரம் இருக்கும் மேசையில் அண்ணனோடு வரைய வேண்டும் என்று ஆசை. முதுகில்லாத ஒரு சிறிய முக்காலியில் அவளை உட்கார வைக்கிறார் தெரபிஸ்ட். உயரம் முக்கியம்: பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். பாதங்களைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே வருமாறு வைக்கிறார். பாதம் முன்னே நீட்டியிருந்தால் யாராலும் எழ முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து முயன்று பாருங்கள். அவளுக்குப் பிடித்த வண்ணப் பென்சிலை முன்னால், மார்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, எட்டாத தூரத்தில் நீட்டுகிறார். எடுக்க அவள் குனிகிறாள். மூக்கு கால்விரல்களைத் தாண்டி முன்னே வரும்போது உடல் எடை பாதத்துக்கு இறங்குகிறது. பின்பக்கம் இலேசாக எழும்புகிறது. பழைய பழக்கத்தில் முதுகைப் பின்னே தள்ளி விறைக்கிறாள், மறுபடி உட்கார்ந்துவிடுகிறாள். தெரபிஸ்ட் அவளைத் தூக்கி நிறுத்துவதில்லை. இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று ஒட்டாதபடி விரல்களால் இலேசாக வழி காட்டிவிட்டுக் காத்திருக்கிறார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ அவள் எழுகிறாள். குதிகால் தரையில் இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். மெதுவாக உட்காரச் சொல்கிறார். தொப்பென்று விழாமல் தொடையால் பிடித்துப் பிடித்து இறங்குவதுதான் எழுவதைவிடக் கடினமான பயிற்சி. எளிதாக வரத் தொடங்கியதும் முக்காலியின் உயரத்தைக் குறைக்கிறார். பிறகு கையில் பென்சில் பெட்டியைக் கொடுத்து எழச் சொல்கிறார்.

இதில் கெண்டைக்கால் நீள்கிறது, தொடை பலப்படுகிறது, சமநிலை பழகுகிறது. அவளைப் பொறுத்தவரை அவள் பென்சில் எடுக்கிறாள், அவ்வளவுதான். இதே அசைவு வீட்டில் சாப்பிட எழும்போதும், கழிப்பறையிலும், பள்ளி பெஞ்சிலும் ஒரு நாளில் எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள். தெரபி அறையில் வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் என்ற கணக்கை அது எங்கோ கொண்டுபோய்விடும்.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வேறு வழி இருக்கிறது. நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிடுவதால், பாதிக்கப்பட்ட கை இருப்பதையே மூளை மறக்கத் தொடங்குகிறது. தினமும் சில மணி நேரம் நல்ல கைக்கு மென்மையான உறை போட்டுவிட்டு, விளையாட்டின் மூலம் மற்றக் கையை வேலை வாங்குவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஆகும் என்ற வேலைகளைத் திட்டமிட்டுப் பழக்குவதும் அதே அளவு பலன் தருகிறது: வாழைப்பழம் உரிப்பது, டப்பாவைத் திறப்பது, பூரி மாவை உருட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது. கைப் பயிற்சியைப் பெரும்பாலும் தொழில்வழி சிகிச்சை நிபுணர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்ப்பார். பிசியோவும் அவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

வலிக்க வலிக்க இழுப்பது சிகிச்சையா?

கையால் காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சிக்கு வருவோம். அதன் பலன் மிகக் குறைவு, நிலைப்பதும் சிறிது நேரமே. பிரெஞ்சு ஆய்வாளர் தார்தியூவின் குழு 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கெண்டைக்கால் தசை குட்டையாகாமல் இருக்க வேண்டுமானால் அது நாளில் குறைந்தது ஆறு மணி நேரமாவது நீண்ட நிலையில் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆறு மணி நேரம் யாரும் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் கணுக்காலுக்குப் போடும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், முழங்காலை நேராக வைக்கும் உறை, நிற்க வைக்கும் சட்டம் ஆகியவை வந்தன. இவை நேரத்தைக் கொடுக்கின்றன. குழந்தை நின்றபடியே மேசையில் விளையாடலாம், படம் வரையலாம், சாப்பிடலாம்.

பத்து நிமிடம் குழந்தையைக் கதறவிட்டுக் காலை அழுத்துவதில் தசைக்குக் கிடைப்பது சொற்பம். குழந்தை மனத்தில் பதிவதோ, தெரபி என்றால் வலி, தொடுகிறவர்கள் வலிக்க வைப்பார்கள் என்பது. பயத்திலும் வலியிலும் இறுக்கம் இன்னும் கூடும். அழாமல் நடக்கும் தெரபி சோம்பேறித் தெரபி என்று நினைக்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். உழைப்பால் களைத்து முணுமுணுப்பது வேறு, வலியில் அலறுவது வேறு. இரண்டாவது நடந்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஸ்பிளிண்டைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. மாலையில் கழற்றியதும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் பின்புறம், கணுக்கால் எலும்புகள், பாதத்தின் உள்விளிம்பு ஆகிய இடங்களில் சிவந்திருந்தால், அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மறைந்துவிட்டால் கவலை இல்லை. அப்படியே இருந்தால் அந்த ஸ்பிளிண்ட் அழுத்துகிறது. போடுவதை நிறுத்திவிட்டுச் செய்துகொடுத்தவரிடம் கொண்டுபோங்கள். எப்போதும் பருத்தி சாக்ஸ் போட்டுத்தான் மாட்ட வேண்டும். கணுக்கால் பட்டையை முதலில் இறுக்கிக் குதிகால் உள்ளே முழுதாக இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பட்டைகள். குழந்தை வளர்வதால் ஓராண்டு கழித்துச் சின்னதாகிவிட்ட ஸ்பிளிண்டைப் பல வீடுகளில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விலை காரணம் என்று புரிகிறது, ஆனாலும் சின்னதாகிப்போன ஸ்பிளிண்ட் புண்ணைத்தான் தரும்.

வீட்டில் நடப்பதே அதிகம்

நம் வீடுகளில் குழந்தையை இடுப்பில் கால்களை அகட்டி உட்காரவைத்துத் தூக்கும் வழக்கம், கால்கள் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு மிகவும் நல்லது. கைக்குழந்தை மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்தித் தூக்கினால் தலை பின்னே தொங்கி, கால்கள் விறைத்து ஒட்டிக்கொள்ளும். நான்கு வயதுப் பிள்ளையையும் தாய் அப்படி ஏந்திக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது, அவள் முதுகுக்காகவும் பிள்ளைக்காகவும் வருத்தமாக இருக்கும்.

உணவு ஊட்டும் பழக்கத்தில் நேர்மாறு. காலை நீட்டிப் போட்டு அதில் மல்லாக்கப் படுக்கவைத்து, சங்கிலோ பாலாடையிலோ ஊற்றும் வழக்கம் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. கழுத்து பின்னே சாய்ந்த நிலையில் விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் வரும். அடிக்கடி நிமோனியா வரும் குழந்தையைப் பற்றிக் கேட்டால், படுக்கவைத்து ஊட்டுவது தெரியவருவது வழக்கம். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடை இலேசாக மார்பை நோக்கி இருக்கும்படி, எதிரே அமர்ந்து, சிறு கரண்டியால் மெதுவாக ஊட்ட வேண்டும். உட்கார முடியாத குழந்தைக்குச் சுவரின் மூலையே நல்ல இருக்கை: இரண்டு சுவர்களும் தோள்களைச் சற்று முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்ளும், கால்களுக்கு நடுவே சுருட்டிய போர்வை வைத்தால் வழுக்காது.

சக்கரம் வைத்த நடைவண்டியில், நடுவில் தொங்கவிடும் வகையில், குழந்தையைப் போடாதீர்கள். நுனிக்காலில் உந்தி உந்திப் போகப் பழகி இறுக்கத்தை வளர்த்துக்கொள்ளும். கவிழ்ந்து அடிபடும் அபாயமும் உண்டு. பின்னால் இழுத்துக்கொண்டு நடக்கும் வாக்கர் வேறு; அது உடலை நிமிர்த்தும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது குழந்தைக்குச் சுகம், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம், தாராளமாகச் செய்யலாம். அது தெரபிக்குப் பதிலாகாது.

இத்தனையும் சொன்ன பிறகு தாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரும்பாலான வீடுகளில் இது முழுக்க ஒரே ஒருத்தியின் தலையில் விழுகிறது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பன்னிரண்டு பயிற்சிகள் எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பும் தெரபிஸ்ட், அவளுக்கு இன்னொரு குழந்தை இருப்பதையும் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டியிருப்பதையும் யோசிக்க வேண்டும். உடை மாற்றுவது, குளிப்பாட்டுவது, விளையாடுவது என்று ஏற்கெனவே செய்யும் வேலைக்குள் இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொடுப்பதே செய்ய முடிகிற திட்டம். அப்பாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அம்மா அம்மாவாக இருக்கட்டும்.

நடப்பானா?

இப்போது அந்த முதல் கேள்வி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்த ராபர்ட் பலிசானோ, பீட்டர் ரோசன்பாம் முதலியோர் 1997இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழந்தை தானாக எப்படி இடம்பெயர்கிறது என்பதை மட்டும் வைத்து ஐந்து நிலைகள். முதல் நிலையில் இருப்பவர்கள் தடையின்றி நடப்பார்கள், ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். இரண்டாம் நிலையில் நடப்பார்கள், நீண்ட தூரமும் மேடு பள்ளமும் சிரமம். மூன்றாம் நிலையில் வாக்கரோ கைத்தடியோ வேண்டும். நான்காம் நிலையில் பெரும்பாலும் சக்கர நாற்காலி. ஐந்தாம் நிலையில் தலையையும் உடலையும் நிமிர்த்தவே ஆதரவு தேவை.

அதே குழு ஒன்டாரியோ மாநிலத்தில் 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 2002இல் வளர்ச்சிக் கோடுகளை வெளியிட்டது. எல்லா நிலைகளிலும் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய பெரிய அசைவுத் திறன்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலைக் குழந்தைகள் இன்னும் முன்னதாகவே, மூன்று வயதை ஒட்டி. இதைக் கேட்டுச் சில பெற்றோர் உடைந்துபோகிறார்கள். ஆனால் இந்த உண்மை தெரிந்தால்தான் முதல் ஐந்து ஆண்டுகளின் அருமை தெரியும். நான்காம் நிலைக் குழந்தையை எப்படியாவது நடக்கவைத்துவிட வேண்டும் என்று பத்து வயதுவரை பள்ளிக்கு அனுப்பாமல் தெரபிக்கே தூக்கிக்கொண்டு அலைவதும் நிற்கும். அந்தக் குழந்தைக்கு நல்ல சக்கர நாற்காலியும், பேசுவதற்குப் படப் பலகையும், வகுப்பறையும் கிடைத்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. சக்கர நாற்காலியைத் தோல்வி என்று பார்க்கும் கண்ணை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். தன் விருப்பப்படி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடிவது குழந்தையின் மூளைக்கே பெரிய உணவு.

ஐந்து வயதுக்குப் பிறகு தெரபி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அதன் வேலை மாறுகிறது: பெற்ற திறனைக் காப்பது, உடல் வலிமை, களைப்பில்லாமல் இருப்பது, மூட்டைப் பாதுகாப்பது. நீச்சல், மூன்று சக்கர சைக்கிள், தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாட்டு எல்லாம் அப்போது தெரபிதான்.

இடுப்பு எக்ஸ்ரே

பெற்றோர் அதிகம் கேள்விப்படாதது இது. இறுகிய தொடைத் தசைகள் இழுப்பதால் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகரும். தொடக்கத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. தெரியும்போது அறுவை சிகிச்சை பெரிதாகிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006இல் வெளியான ஆய்வில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு நகர்ந்திருந்தது. முதல் நிலையில் யாருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் முறையாக இடுப்பு எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்ததில், இடுப்பு முழுதாக நழுவுவதை ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். இரண்டு வயதுக்குள் முதல் எக்ஸ்ரே, பிறகு குழந்தையின் நிலையைப் பொறுத்து ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை. எக்ஸ்ரே ஒன்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உங்கள் டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். டயபர் மாற்றும்போது ஒரு கால் மற்றதைப்போல அகலாமல் இருந்தாலோ, குழந்தை அழுதாலோ காத்திருக்க வேண்டாம்.

இறுக்கம் அதிகமானால் போட்டுலினம் ஊசி, வாய்வழி மருந்து, மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு. ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம்தான். அந்த மாதங்களில் தீவிரமாகப் பயிற்சி செய்யாவிட்டால் போட்ட ஊசி வீண்.

காத்திருக்காதீர்கள்

"எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தாமதமாகத்தான் நடந்தார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில அறிகுறிகளுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. நான்கு மாதத்துக்குப் பிறகும் தலை நிற்காமல் தொங்குவது, அதே வயதைத் தாண்டியும் கைகள் எப்போதும் மூடியே இருப்பது, ஒன்பது மாதத்தில் உட்காராதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது (இதை வலக்கைப் பழக்கம் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்), தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரிபோலக் குறுக்கே பின்னிக்கொள்வது. குறைமாதக் குழந்தைக்கு வயதைப் பிரசவ தேதியாகக் குறித்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடிக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. டாக்டர் நோய்க்குப் பெயர் சொல்லும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்ததுமே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளை ஒட்டி மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வந்தவை அவை, சிகிச்சை இலவசம். சென்னை கோட்டூர்புரத்தில் வித்யா சாகர், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை நெடுங்காலமாக இந்தக் குழந்தைகளோடு வேலை செய்கின்றன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் அடங்கும். ஸ்டெம் செல் ஊசிக்கும், அழுத்த ஆக்சிஜன் கூண்டுக்கும் நிலத்தை விற்றுப் பணம் கட்டுபவர்களைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல. மருத்துவ ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் அனுமதிப்பதில்லை. ஆய்வில் சேர்வதற்குப் பணம் கேட்கக் கூடாது.

பள்ளி வயது வந்ததும் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்டும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் இருப்பார்கள். வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கே வருவதும் உண்டு. தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது தெரபிஸ்டிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்: வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படும்படி அடியில் ஒரு பலகை வேண்டும், கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும், மணியடித்ததும் மற்றப் பிள்ளைகள் கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இவனை விட வேண்டும்.